மாமா ஏறாத கப்பல்

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வரும் நேரத்தில் யாராவது ஒருவர் என் தாய்மாமனைப் பார்த்து, "அந்தக் கப்பல் கதையச் சொல்லுங்க" என்பார். மாமா முதலில் வேண்டாம் என்பது போலக் கையை ஆட்டுவார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பார். அவர் ஆரம்பித்ததும் நான் பாத்திரம் கழுவும் பக்கம் போய்விடுவேன். கதை முடிகிற இடத்தில் எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்ப்பார்கள்.

அந்தக் கப்பலில் மாமா ஏறியதில்லை. அதைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. கதையே அதுதான். ஜெர்மனியில் உலகத்து நாடுகளெல்லாம் கூடிப் பந்தயம் நடத்திய வருஷம் அது. ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் அங்கே போய் ஓட வேண்டியவன். அக்கா மகள் வயசுக்கு வந்துவிட்டாள் என்று தந்தி கிடைத்ததும் கப்பலை உதறிவிட்டு, மாமன் சீர் செய்ய ரயிலேறி ஊர் வந்து சேர்ந்தான். இப்படி ஒரு மாமன் யாருக்குக் கிடைப்பான்! அந்த அக்கா மகள் நான். கிடைத்த அதிர்ஷ்டத்தை நான் எப்படி அனுபவித்தேன் என்பதை யாரும் கேட்டதில்லை.

மாமா என் அம்மாவுக்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அம்மாதான் அவரை வளர்த்தாள். சேலத்தில் படிக்கும்போதே ஓட்டத்தில் பரிசு மேல் பரிசாக வாங்கிக்கொண்டு வருவார். மெட்ராஸில் காலேஜுக்குப் போன பிறகு யாரோ ஒரு துரை அவர் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டாராம். லீவில் வந்தபோது ஆணி வைத்த பூட்ஸ் ஒரு ஜோடி கொண்டுவந்து காட்டினார். எங்கள் தெருப் பெண்கள் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதப் போட்டுக்கிட்டு எப்பிடிங்க நடப்பீங்க, தரையில குத்திக்காதுங்களா?" என்று கேட்டார்கள்.

அந்த வருஷம் மாமா மெட்ராஸ் திரும்பியபோது தெருவே கூடி வழியனுப்பியது. மாலை போட்டார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், பஸ் கிளம்பும் வரை மேளம் அடித்தார்கள். உண்மையில் அவர் போனது மெட்ராஸில் நடக்கவிருந்த கடைசித் தேர்வுப் பந்தயத்துக்கு. எங்கள் மாகாணத்திலிருந்து ஒரே ஒரு ஓட்டக்காரனைத்தான் எடுப்பார்கள். மாமா அதைச் சொல்லித்தான் பார்த்தார். ஆனால் தேர்வு என்று ஒன்று நடுவில் இருப்பது எங்கள் ஜனங்களுக்குப் புரியவில்லை. தறியில் பாவு ஏற்றியாகிவிட்டது, இனிச் சேலை வருவதுதான் பாக்கி என்று நினைக்கிற ஜனம். அவர்கள் கணக்கில் மாமா அன்றைக்கே ஜெர்மனிக்குப் போய்விட்டார்.

அவர் போன பிறகு நான் பெரியவளானேன். பாவாடையைப் பார்த்துவிட்டு அம்மா என்னை நூல் மூட்டை அடுக்கும் கொட்டகையில் தனியாக உட்காரவைத்தாள். எங்களில் தெரட்டிச் சீருக்குத் தாய்மாமன் வந்தாக வேண்டும். அவர் கையால் பச்சைத் தென்னை ஓலை வெட்டிக் குச்சுக் கட்ட வேண்டும். அந்தக் குச்சில் உட்கார்ந்து எழுந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பெண் வீட்டுக்குள் கால் வைக்கலாம். மாமன் இல்லாத வீடுகளில் பங்காளி முறையில் யாராவது நின்று செய்வதும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைத்தான் சொன்னார்கள்.

"ஏனுங்க்கா, தம்பி பந்தயத்துல இருக்குது. வேற ஆள வெச்சு முடிச்சுரலாமுங்க."

"எந்தம்பி உசுரோட இருக்கறப்ப எம்பொண்ணுக்கு வேத்தாளு ஓலை வெட்டறதா? தந்தி குடுங்க. வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்."

வராட்டிப் போகட்டும் என்று அம்மா வாயால் சொன்னதை நான் கொட்டகைக்குள் இருந்து கேட்டேன். இதைப் பிறகு யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

கொட்டகையில் உளுந்தங்களியும் நல்லெண்ணெயுமாகப் போட்டு என்னை அடைத்தார்கள். எனக்குக் களி தொண்டையில் இறங்காது. இதற்கு நடுவில் ஜோசியர் வந்து, நான் உட்கார்ந்த நேரத்தை வைத்து ருது ஜாதகம் கணித்தார். ஒரு குறையும் இல்லை, தாய்மாமனுக்கு யோகமான நேரம் என்று வாய் நிறையச் சொல்லி, தட்சணை வாங்கிக்கொண்டு போனார். தெருவே சந்தோஷப்பட்டது. மாமா உலகத்தையே ஜெயித்துவிடுவார் என்று ஒரு பேச்சு.

அடுத்த நாள் சேலத்துப் பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார்.

ஓலை இடுக்கு வழியாக அவரைப் பார்த்தேன். கண் உள்ளே போயிருந்தது. யாரோடும் பேசாமல் சட்டையைக் கழற்றிவிட்டு மரத்தில் ஏறி ஓலை வெட்டினார். குச்சுக் கட்டும்போது கயிற்றை இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டார். பயணக் களைப்பு, பாவம் என்றார்கள். எல்லாம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தபோது ஒருவர் கேட்டார்.

"மாப்ள, கப்பலு எப்பங்க?"

மாமா இலையில் இருந்த சோற்றைப் பிசைந்தார். பிறகு சொன்னார்: "கப்பலு கெடக்குதுங்க. அக்கா மகளவிடவா அது பெருசு?"

அவர் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் எங்கள் தெரு சேர்த்துக்கொண்டது. அன்றிரவே அம்மாவிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள் உண்டு. மாமா காலேஜுக்குத் திரும்பவில்லை. ஊரோடு நூல் கடை வைத்துக்கொண்டார். கப்பலையும் படிப்பையும் அக்கா குடும்பத்துக்காக விட்டவர் என்று சபையில் முதல் தாம்பூலம் அவருக்கு வந்தது. அவர் வாங்கிக்கொண்டார்.

எனக்கு வந்தது வேறு. முதலில் "பாவம், அந்த நேரத்துல போய் உக்காந்தா பாரு" என்றார்கள். அது கொஞ்ச நாளில், "மாமனுக்கு ஆகாத நேரத்துல உக்காந்தவ" என்று ஆனது. ஜோசியர் சொன்ன யோகம் என்ன ஆனது என்று யாராவது கேட்டிருக்கலாம். ஜோசியரே மனசு மாறிவிட்டார். அன்றைக்கு யாரோ மணியைத் தப்பாகச் சொல்லிவிட்டதாகச் சொல்லிப் பரிகாரம் எழுதிக் கொடுத்தார். விளக்குப் போட்டோம், சுற்றி வந்தோம், நேர்ந்துகொண்டோம். ஊர் வாயில் விழுந்த பேச்சு எந்தக் கோயில் குளத்திலும் கரையவில்லை.

குமாரபாளையத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பையனுக்கு என்னைப் பிடித்திருந்தது, அது எனக்கும் தெரிந்தது. பையனின் அம்மா வாசலில் செருப்புப் போடும்போது யாரிடமோ சொன்னாள்: "மாமன் கப்பலையே நிறுத்துன பொண்ணுங்க. எம்பையன் தறி ஓடுமாங்க?" அத்தோடு அந்தப் பேச்சு நின்றது. திருச்செங்கோட்டு இடம் பெண் பார்க்கக்கூட வரவில்லை. அதற்கப்புறம் வந்ததெல்லாம் குறையுள்ள இடங்கள். கடைசியில் எடப்பாடியில், மனைவி செத்து இரண்டு குழந்தைகளோடு இருந்தவருக்கு என்னைக் கட்டிவைத்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு என் அப்பாவின் வயசு, என்னை அவர் முதல் மனைவியின் பெயரைச் சொல்லித்தான் நெடுநாள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கல்யாணத்தில் மாமன் சீர் பிரமாதமாக இருந்தது. வெற்றிலைத் தட்டு வந்ததும் கப்பல் கதையும் நடந்தது.

உலகச் சண்டை முடிந்து, சுதந்திரம் வந்து, லண்டனில் மறுபடியும் அந்த உலகப் பந்தயம் நடந்தது. அது முடிந்த கொஞ்ச நாளில் சேலத்தில் விளையாட்டுப் பிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டார்கள். நம் பக்கத்திலிருந்து அந்த மாதிரிப் பந்தயங்களுக்குப் போனவர்கள், தேர்வு வரை போனவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்து தங்கள் அனுபவங்களைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. மாமாவுக்கும் அழைப்பு வந்தது. மாமா எடப்பாடிக்கே வந்துவிட்டார்.

"நீயும் வா சாமி. சனங்க உன்னையும் பாக்கட்டும்."

"என்னையப் பாத்து என்னங்க மாமா பண்ணப் போறாங்க?"

"நீ பக்கத்துல இருந்தா எனக்கு ஒரு தெம்பு."

நான் போனேன். ஏன் போனேன் என்றால், அங்கே வருகிறவர்கள் ஓட்டம் தெரிந்தவர்கள், படித்தவர்கள். அவர்களில் ஒருவராவது, இதில் அந்தப் பெண்ணின் குற்றம் என்ன இருக்கிறது என்று வாய் திறந்து சொல்வார் என்று நினைத்தேன். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். ஆண்கள் நடுவில், பெண்களுக்கு ஓரமாக பெஞ்சு. ஜெர்மனிக்குப் போய் ஓடிவிட்டு வந்தவர் ஒருவர் முதலில் பேசினார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், போலீசில் வேலை பார்த்தவர், நெற்றி ஏறிய மனிதர். கப்பலில் போன நாளெல்லாம் வாந்தி எடுத்ததையும், குளிருக்கு ஒன்றன்மேல் ஒன்றாக பனியன் போட்டுக்கொண்டதையும் சொன்னபோது ஜனம் சிரித்தது. பிறகு ஓடியதைச் சொன்னார்.

"நான் கடைசியா வந்தேங்க. ஓடி முடிச்சு நிக்கறேன், அத்தினி ஜனமும் ஜெயிச்சவனப் பாத்துக் கத்துது. என்னை யாரும் பாக்கல. பூட்ஸக் கழட்டிக் கையில வச்சிக்கிட்டு நடந்து வெளிய வந்துட்டேன். ஊருக்கு வந்து அப்படியே சொன்னேன், கடைசிதான் வந்தேன்னு. எங்கப்பா ஒரு வாரம் என்கூடப் பேசல. அப்பறம் பேசிட்டாரு."

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது.

அடுத்தது மாமா. அதே கதை, அதே இடங்களில் அதே நிறுத்தம். மெட்ராஸில் துரை எப்படிப் பழக்கினார், காலையில் என்ன சாப்பிட்டார், மற்றவர்கள் எல்லாம் தன் பின்னால் எப்படி மூச்சு வாங்கினார்கள். நாளைக்குத் தேர்வு, ஜெயிப்பது உறுதி, இன்றைக்குத் தந்தி. "எனக்கு ஒலகம் பெருசில்லீங்க, எங்கக்கா ஊட்டு விளக்குத்தானுங்க பெருசு" என்றார். ஹாலே அதிர்ந்தது. பிறகு பெஞ்சுப் பக்கம் கையை நீட்டி, "அந்தப் பொண்ணு இதா இருக்குதுங்க, எந்திரி சாமி" என்றார். எழுந்து நின்றேன். அத்தனை கண்ணும் என்மேல். படித்த கண்கள்தான். அவற்றிலும் எங்கள் தெருக் கண்களில் இருந்ததேதான் இருந்தது. ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், "நல்ல ஓட்டக்காரன், என்ன பண்றது, நேரம்" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என் முழங்கையைத் தொட்டாள். ஆத்தூர்க்காரரின் மனைவி. முன்பே கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தோம். கலகலவென்று பேசுகிற பெண்பிள்ளை. இப்போது அவள் முகம் குழம்பிக் கிடந்தது.

"என்னம்மா இது, உங்க மாமா இப்படிச் சொல்றாரு? அந்தத் தேர்வுல அவரு ஓடினாரே. நான் பாத்தேனே."

"எதைப் பாத்தீங்க?"

"ஓட்டத்தத்தான். அப்ப நாங்க மெட்ராஸ்ல இருந்தோம். எங்க வீட்டுக்காரரு ஓடறாருன்னு நானும் மைதானத்துக்குப் போயிருந்தேன். உங்க மாமாதான் முன்னாடி போனாரு. பாதிக்கு மேல விலாவப் புடிச்சிக்கிட்டு நின்னுட்டாரு. அப்பறம் ஓடவே இல்ல. எங்க வீட்டுக்காரருக்குத்தான் அந்த எடம் கெடச்சுது. ராத்திரி மனசு கேக்காம உங்க மாமாவ வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாரு. சோறு போட்டேன், சாப்பிடவே இல்ல. ஊருக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்னு அழுதாரு. அப்பத்தான் ஹாஸ்டல் பையன் தந்தியக் கொண்டாந்து குடுத்தான்."

அவள் மேடையை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"படிச்சிட்டு, நல்ல வேளைன்னாரு. ஒரு தரம் இல்ல, ரெண்டு மூணு தரம் சொன்னாரு. நல்ல வேளை, நல்ல வேளைன்னு. அக்கா மக பெரியவளானதுல இவ்வளவு சந்தோஷமான்னு நெனச்சேன். அதுக்கப்பறம் ரசம் ஊத்திச் சாப்பிட்டாரு."

மேடையில் யாரோ மாமாவுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆத்தூர்க்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டு வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். அவரும் கை தட்டினார். அந்த நல்ல மனிதரும் தட்டினார் என்பது எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

கழுத்தில் போட்ட மாலையோடு மாமா என்னை ராசிபுரம் பஸ்ஸில் ஏற்றினார். ஊரில் அம்மாவைப் பார்த்துவிட்டு நாளைக்குப் போகலாம் என்றார். பஸ்ஸில் கூட்டமில்லை. சேலம் தாண்டியதும் கேட்டேன்.

"மாமா, தந்தி வந்தப்ப நீங்க எங்கிங்க இருந்தீங்க?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் என் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மேளம் அடிச்சு அனுப்பிச்சாங்க சாமி. பூசணிக்கா ஒடச்சாங்க. தோத்துட்டு எப்பிடி வந்து எறங்கறது?"

"அதுக்கு நாந்தான் கெடச்சனா?"

"நான் உன்னைய ஒரு வார்த்த சொன்னதுண்டா? சனங்க பேசுனதுக்கு நான் என்ன பண்றது?"

"கொமாரபாளையத்து எடம் போச்சே, அன்னைக்கு வாயத் தொறந்திருக்கலாமுங்களே."

"அதுக்குள்ள எத்தன வருசம் ஆயிப்போச்சு. அப்பறம் எப்பிடிச் சொல்றது?" என்றார் மாமா. பிறகு, சமாதானம் சொல்கிறவர் குரலில், "உனக்கும் ஒரு எடம் அமஞ்சுதான போச்சு" என்றார்.

அவர் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. மாமன் முறை, பஸ், ஊர்ச் சனம். கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டேன். ராசிபுரம் வரும் வரை ஒன்றே ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அம்மாவிடம் சொல்ல வேண்டும். தம்பி தம்பி என்று உயிரை விடுகிறாளே, அவளுக்குத் தெரியட்டும். தெரிந்தால் அவள் சும்மா விடமாட்டாள். தெருவைக் கூட்டி, என் பொண்ணு நேரத்தில் ஒரு குறையும் இல்லை என்று நடுவாசலில் நின்று கத்துவாள். என் கல்யாணம் திரும்பி வராது. ஆனால் ஒரு தரம், யாராவது ஒருவர், எனக்காகக் கத்த வேண்டும்.

அம்மா ராட்டையில் உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். மாமா வாசலோடு தன் வீட்டுக்குப் போய்விட்டார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆத்தூர்க்காரர் மனைவி சொன்னது, நல்ல வேளை என்றது, பஸ்ஸில் பேசியது எல்லாம். சொல்லச் சொல்ல என் குரல் ஏறியது. ராட்டை நிற்கவில்லை. முடித்ததும் அம்மா நூலை அறுத்து நுனியை முடிந்தாள்.

"மெதுவாப் பேசு. பக்கத்தூட்டுல கேக்கும்."

"அம்மா, காதுல உழுந்துச்சா இல்லையா?"

"உழுந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும் சாமி. ஓலை வெட்ட வந்த அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டான். கொல்லையில நின்னு அழுதான்."

ஓலை வெட்ட வந்த அன்றைக்கே. நான் கொட்டகைக்குள் களியை விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்த அன்றைக்கு. அதற்குப் பிறகு பரிகாரத்துக்கு என்னைக் கோயில் கோயிலாக இழுத்துக்கொண்டு போனவள் இவள். ஈரச் சேலையோடு எனக்கு முன்னால் சுற்றி வந்தவள்.

"தெரிஞ்சுமா பரிகாரம் பண்ணவச்சே?"

"பண்ணாட்டி ஊரு சந்தேகப்படும்ல."

"நான் உம்பொண்ணு."

"அவன் ஆம்பளப்பய. அந்த அவமானத்தத் தாங்கியிருக்க மாட்டான், கயித்துல தொங்கியிருப்பான்" என்றாள் அம்மா. அடுத்த தாரை எடுத்து ராட்டையில் செருகினாள். "நீ தாங்குவேன்னு எனக்குத் தெரியும்."

சோறு வடித்து வைத்திருந்தாள். எனக்குப் பிடித்த குழம்பு என்று சொன்னாள், சாப்பிட்டுப் போ என்றாள். நான் வாசலில் கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அதன் பிறகு நல்லது கெட்டதுக்கு அந்த வீட்டுக்குப் போனதுண்டு. அம்மா இருந்தவரை அங்கே கை நனைத்ததில்லை.